மசூர் எழுதாமல் விட்ட விலாசம்

நற்பிட்டிமுனை வயல்காரர்களின் தண்ணீர் மோட்டர் எரிந்துபோனால் அதைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு கல்முனைக்கு, எங்கள் வளவுக்குத்தான் வருவார்கள். மசூர் மூடியைக் கழற்றுவார், மூக்கைக் கிட்டக் கொண்டுபோய் மணந்து பார்ப்பார். "கொயில் போயிட்டு" என்பார். வந்தவருக்கு ஒரு கதிரையைக் காட்டிவிட்டு, வீட்டுக்குள் பார்த்து, "புள்ள, எண்ண வாறயா?" என்று கூப்பிடுவார்.

அவருடைய மனைவி ஸைனம்பு கையைத் துடைத்துக்கொண்டு வந்து குட்டி மர வாங்கில் உட்காருவார். மசூர் கொயிலின் கருகிய செம்புக் கம்பியை ஒவ்வொன்றாக உருவ, ஸைனம்பு எண்ணுவார். எத்தனை சுற்று, என்ன தடிப்பு, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்கு என்று எல்லாவற்றையும் மசூர் ஒரு கொப்பியில் எழுதுவார். அதன் பிறகுதான் மிச்சக் கம்பியை நெருப்பில் போடுவார். அவசரப்படுகிறவர்களிடம் அவர் சொல்லும் பதில் ஒன்றே ஒன்று:

"எண்ணாம எரிச்சா மறுகா ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?"

இருபத்தேழு வருடமாக இப்படித்தான். ஒருவர் உருவ, ஒருவர் எண்ண, நடுவில் ஒரு கொப்பி. அல்லாஹ் அதில் பறக்கத்தை வைத்திருக்கிறான்.

மசூர் எனக்குச் சகலன். ஸைனம்புவின் தங்கை ஸுஹைறாவை நான் முடித்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண்கள்தான் பெண் வீட்டுக்குப் போவோம். எங்கள் மாமி, எங்கள் மனைவிமாரின் உம்மா, தன் காணியை இரண்டாகப் பிரித்து, இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் ஒரே வளவுக்குள் வீடு கொடுத்தார். பிறகு மசூரின் மகள் நதீராவுக்கும் அதற்குள்ளேயே ஒரு வீடு எழும்பியது. மூன்று வீடு, ஒரு கிணறு, ஒரு கேட். இப்போது சில வருடமாக மூன்று வீட்டுக்கும் சேர்த்து ஒரு வைஃபை.

இந்தக் கதை தொடங்குவது ஒரு வீடியோவில். அது மசூரின் கல்யாண வீடியோ. தொண்ணூற்றேழாம் ஆண்டு பெரிய கெசட்டில் எடுத்தது. கல்யாணம் முடிந்த அடுத்த வருடம் கடலுக்குத் தூரமான வரிப்பத்தான்சேனையிலிருந்து சாச்சி, அதாவது மாமியின் தங்கை, வந்து "பாத்துப்போட்டுத் தாறன்" என்று கெசட்டை வாங்கிக்கொண்டு போனார். ஆறு வருடமாகத் திருப்பித் தரவில்லை. ஸைனம்பு கேட்டுக் கேட்டுக் களைத்து, சாச்சியோடு கதைப்பதைக்கூடக் கொஞ்சக் காலம் விட்டிருந்தார்.

பிறகு சுனாமியாகக் கடல் வந்தது. மாமியும், மாமியின் கடைசி மகன் மீராசாவும் போனார்கள். மீராசாவுக்குப் பதினாறு வயது. அவனுடைய ஜனாஸா எங்களுக்குக் கிடைக்கவில்லை. அல்பங்களும் அலுமாரியும் வீடும் எல்லாம் போய்விட்டன. நாற்பது நாள் கழித்து சாச்சி வரிப்பத்தான்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்தார். துவாயில் சுற்றிய ஒரு பொதியை ஸைனம்புவின் மடியில் வைத்தார். உள்ளே அந்தக் கெசட். திருப்பித் தராமல் விட்டதால்தான் அது மிஞ்சியது.

இரண்டு மணித்தியால வீடியோவில் மாமி வருவது நாலு நிமிடம். சோறு குவித்த பெரிய தட்டை, சஹனை, தூக்கிக்கொண்டு வருகிறார். கமரா தன்னைப் பார்க்கிறது என்று தெரிந்ததும் முந்தானையை இழுத்து முகத்தை மறைத்து, "என்ன எடுக்காத மகன், சாப்பாட்ட எடு" என்கிறார். மீராசா அப்போது ஒன்பது வயதுப் பொடியன். வாயில் எதையோ அடைத்துக்கொண்டு கமராவுக்குக் குறுக்கே இரண்டு தரம் ஓடுகிறான். அவ்வளவுதான். எங்கள் இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் பெற்றவளின் முகம், தம்பியின் முகம் என்று இந்த உலகத்தில் இருப்பது அது மட்டும்தான். ஒவ்வொரு பெருநாளும் அஸர் தொழுகைக்குப் பிறகு எல்லோரும் கூடியிருந்து அதைப் பார்ப்போம். போய் நின்று ஸலாம் சொல்ல மீராசாவுக்கு ஒரு கபுறு இல்லையே.

கெசட்டை ஒரு கடையில் கொடுத்துக் கணினிக்கு மாற்றினோம். மாற்றி முடித்துத் திருப்பிச் சுற்றும்போது நாடா அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அது ஒரு பென் டிரைவில் இருந்தது. அந்தப் பென் டிரைவ் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. எங்கள் வீட்டில் பார்த்துவிட்டு நதீரா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து மசூர் வீட்டுக்கு வரும். ஒரு தரம் உடுப்போடு சேர்ந்து சவர்க்காரத் தண்ணீரில் ஊறி, அரிசிக்குள் புதைந்து காய்ந்து உயிர் பிழைத்தது. அன்றைக்கு மசூர் சொன்னார்:

"இது சரிவராது மச்சான். கிணறு ஒண்டு, மூணு வீட்டுக்கும் பைப் போகுதுதானே. வீடியோவுக்கும் அப்பிடி ஒரு கிணறு வெட்டோணும்."

அவரும் என்னைப் போல ஐந்தாம் வகுப்போடு நின்றவர்தான். ஆனால் மோட்டர் தகட்டில் இருக்கும் இங்கிலீஷ் எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து எழுத்தெல்லாம் தெரியும். பழைய லெப்டொப் ஒன்றை எடுத்தார். திரையின் பிணைச்சல் உடைந்து, மூடித் திறக்க முடியாமல் கிடந்தது. கணினி திருத்தும் இன்ஸாபிடம் கொண்டுபோய் அதில் லினக்ஸ் போட்டுத் தரக் கேட்டார். இன்ஸாப் போட்டுக் கொடுத்துவிட்டு, "மத்ததெல்லாம் நெட்டில இரிக்கி காக்கா. டொக்கர் எண்டு தேடுங்க" என்றார்.

டொக்கர் என்றால் என்ன என்று மசூர் எனக்கு விளங்கப்படுத்தியது இப்படி. கொழும்புத் துறைமுகத்திலிருந்து லொறியில் கொன்டெய்னர் வருகிறதல்லவா? உள்ளே என்ன இருந்தாலும் வெளியே ஒரே அளவுப் பெட்டி. எந்த லொறியும் ஏற்றும். அதுபோல ஒரு மென்பொருளையும் அதற்கு வேண்டிய சாமான்களையும் ஒரே பெட்டியாகக் கட்டி யாரோ நெட்டில் வைத்திருக்கிறார்கள். அதை இறக்கி, "ஓடு" என்று ஒரு கட்டளை கொடுத்தால் ஓடும். வேண்டாம் என்றால் பெட்டியோடு எறியலாம். வீட்டில் ஒரு தூசும் மிஞ்சாது.

"கொயில் மாதிரி" என்றார். "எரிஞ்சா எறிஞ்சிபோட்டு வேற சுத்துறதானே. கணக்குக் கொப்பியில இருந்தாச் சரி."

போனில் தமிழ் விளக்க வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, கட்டளைகளை அந்த மோட்டர்க் கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுத்தெழுத்தாகக் கொத்தினார். எங்கே இடைவெளி விட வேண்டுமோ அங்கே சின்ன வட்டம் போட்டுக்கொண்டார். ஸைனம்பு பக்கத்தில் இருந்து, "ரெண்டு கோடு, மறுகா ஒரு புள்ளி" என்று வாசித்துச் சொன்னார். மூன்று நாள் பிடித்தது. நான்காம் நாள் மசூர் வீட்டு டீவியில் மாமி சஹனோடு வந்தார். அதே நேரம் எங்கள் வீட்டு டீவியிலும் வந்தார். பென் டிரைவ் ஒன்றும் செருகவில்லை. ஸுஹைறா இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று அங்கும் இங்கும் கிறுகிக் கிறுகிப் பார்த்தாள்.

"அல்லாஹ்வே! மச்சான், உம்மா ரெண்டு ஊட்டிலயும் சோறு கொண்டு வாறா!"

அதற்குப் பிறகு அந்த லெப்டொப்புக்குள் குர்ஆன் ஓதல் ஏறியது, மௌலவிமாரின் பயான்கள் ஏறின, நதீராவின் பிள்ளைக்குக் கார்ட்டூன் ஏறியது. மழையில் கேபிள் இணைப்புப் போனாலும் எங்கள் வளவு டீவிகள் ஓடும். மசூர் வெளியே ஒன்றும் சொல்லிக்கொள்ளமாட்டார். ஆனால் வார்னிஷ் பூசிய மோட்டரை வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போய், லெப்டொப்பின் சின்னப் பச்சை விளக்கைப் பார்த்துவிட்டு வருவார். நான் பார்த்திருக்கிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நாலு நாள் இருந்தது. பள்ளிவாசலில் தக்பீர் போடுவதற்கு ஒரு பென் டிரைவ் கேட்டார்கள். மசூர் சந்தோசமாக எடுத்துக் கொடுத்தார். கல்யாண வீடியோ இருந்த அதே பென் டிரைவ். லெப்டொப்புக்குள்தான் இருக்கிறதே, இது நல்ல வேலைக்குப் போகட்டும் என்ற நினைப்பு. அங்கே அதைத் துடைத்துவிட்டுத் தக்பீரை ஏற்றினார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. துடைக்கச் சொன்னதே மசூர்தான்.

அடுத்த நாள் மென்பொருளுக்குப் புதுசு வந்திருப்பதாகத் திரையில் ஒரு அறிவிப்பு. கொப்பியில் அதற்கும் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தார். பழைய பெட்டியை நிறுத்து, எறி, புதுசை இறக்கு, ஓட்டு. எழுதியபடியே செய்தார். புதுசு வந்தது, அழகாகவும் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கல்யாணமும் இல்லை, பயானும் இல்லை, கார்ட்டூனும் இல்லை. சரியாக அடிக்கவில்லையோ என்று மறுபடி எறிந்து மறுபடி ஓட்டினார். அதுவும் வெறுமை.

லுஹர் தொழுகைக்குப் பள்ளிக்கு வந்த அவரைப் பார்த்ததும் ஏதோ நடந்திருக்கிறது என்று எனக்கு விளங்கியது. தொழுது முடித்து எல்லோரும் போன பிறகும் எழும்பவில்லை. நான் பக்கத்தில் போனேன்.

"என்ன மச்சான், சுகமில்லையா?"

"மாமிய எறிஞ்சிட்டன்" என்றார்.

நடந்ததைச் சொன்னார். நான் இன்ஸாபிடம் கேட்போம் என்றேன். இன்ஸாப் ஹஜ்ஜுக்குப் போய் மக்காவில் இருந்தார். அரபா நாளுக்கு ஆயத்தமாகும் ஒரு ஹாஜியிடம் போன் எடுத்து லெப்டொப் கதை கதைப்பதற்கு எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

"நெட்டில கேட்டுப் பாத்தன்" என்றார் மசூர். "எல்லாத்தையும் துடைச்சிப்போட்டு அடியில இருந்து தொடங்கச் சொல்லி ஒருத்தன் கட்டளை போட்டிரிக்கான். அத அடிச்சா அந்தப் பெட்டியாவது சுத்தமாகும். வீடியோ வரப்போறல்ல."

"ஸைனம்பு ராத்தாக்குச் சொன்னீங்களா?"

"எப்பிடிடா சொல்ற? இருவத்தேழு வருசம் அந்த ஊட்டுச் சோத்தத் தின்டிரிக்கன். அந்த ஊட்டுக்காரர்ர முகத்த அழிச்சவன் நான்தான் எண்டு சொல்லவா?"

நான் அவருடைய கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். கட்டளையை அடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று லெப்டொப்புக்கு முன்னால் உட்கார்ந்தார். ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தார். கடைசிப் பொத்தானை அமர்த்த வேண்டியதுதான் மிச்சம். அப்போது ஸைனம்பு பிளேன்டீயோடு வந்தார். புருசனுடைய முகத்தைப் பார்த்தார், திரையைப் பார்த்தார்.

"என்ன எரிஞ்சி போச்சு?" என்று கேட்டார்.

மசூரால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. சொன்னார். தலையைக் குனிந்துகொண்டு, தரையைப் பார்த்துக்கொண்டு, முழுவதையும் சொன்னார்.

ஸைனம்பு பிளேன்டீயை மேசையில் வைத்தார். அழவில்லை. முந்தானையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"இப்ப என்னத்த அடிக்கப் போறீங்க?"

"மிச்சத்தத் துடைக்கப் போறன்."

"எண்ணினீங்களா?"

மசூர் நிமிர்ந்து பார்த்தார்.

"துடைக்க முன்ன உள்ளுக்க என்ன கிடக்கு எண்டு எண்ணினீங்களா?" என்றார் ஸைனம்பு. "ஊருக்கெல்லாம் சொல்றீங்க. எண்ணாமத் துடைச்சா மறுகா ஆருக்கிட்டப் போய்க் கேக்கிற?"

மசூர் கையைப் பொத்தானிலிருந்து எடுத்தார். அடித்திருந்ததை எழுத்தெழுத்தாக அழித்தார். ஸைனம்பு அந்தக் குட்டி வாங்கை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். டொக்கருக்குள் என்ன என்ன கிடக்கிறது, எது எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் கட்டளை எது? அதைப் போனில் தேடிப் பிடிக்கவே அஸர் பாங்கு சொல்லிவிட்டது. தொழுதுவிட்டு வந்து அடித்தார்.

திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதன் அடியில் மூன்று வரிகள். ஒவ்வொன்றுக்கும் பேர் என்று சொல்ல முடியாத ஒரு நீளப் பேர். எழுத்தும் இலக்கமும் கலந்து, திரையின் பாதிவரைக்கும் ஓடியது. ஸைனம்பு விரலை வைத்து வாசித்தார்.

"இது பூச்சியம். இதுவும் பூச்சியம். இது..." விரல் நின்றது. "இதில முப்பத்தெட்டு எண்டு கிடக்கு."

"முப்பத்தெட்டா?" மசூர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். "முப்பத்தெட்டு ஜீபீ! நான் ஏத்தின அளவு அதுதான் புள்ள!"

விசயம் இதுதான். பெட்டியை எறிந்தாலும், அதற்குள் நாங்கள் போட்ட சாமான்களை டொக்கர் எறியவில்லை. அந்த மென்பொருளைச் செய்தவர்கள் புத்தியாக, சாமான்களுக்குத் தனியாக ஒரு பை வைக்கச் சொல்லியிருந்தார்கள். நாம் அதற்குப் பேரும் இடமும் கொடுக்காததால், டொக்கர் தானே ஒரு நீளப் பேரை வைத்து ஒரு மூலையில் ஒதுக்கியிருந்தது. ஒவ்வொரு தரம் புதிதாக ஓட்டும்போதும் புதிதாக ஒரு வெறும் பையை மாட்டியது. அதனால்தான் திரை வெறுமையாக இருந்தது. மசூர் அடிக்கவிருந்த அந்தத் துடைக்கும் கட்டளை, ஆளில்லாமல் கிடக்கும் பைகளைத்தான் முதலில் துடைக்கும். ஒரு விரல் தூரம்தான் இருந்தது. அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பையைத் திறந்தபோது உள்ளே எல்லாம் அப்படியே இருந்தது. கல்யாண வீடியோவை ஓட்டாமல், முதலில் வேறு இடத்துக்கு ஒரு பிரதி எடுத்தார். அது முடியும்வரை இருவரும் திரையில் ஓடிய இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளேன்டீ ஆறிச் சில்லிட்டிருந்தது. மசூர் அதை ஒரே மூச்சில் குடித்தார்.

நான் கொப்பியை எடுத்துப் புரட்டினேன். போனில் பார்த்த விளக்க வீடியோவில் வந்த கட்டளையையும் கொப்பியையும் ஒப்பிட்டுப் பார்த்தால், நடுவில் ஒரு வரி இல்லை.

"மச்சான், இந்த வரிய ஏன் எழுதல்ல?"

மசூருக்கு வெட்கம். "அது அந்த வீடியோக்காரன்ட ஊட்டு அட்ரஸ் மாதிரிக் கிடந்திச்சு" என்றார். "அவன்ட கணினியில இந்த இடம், அந்த இடம் எண்டு. எங்கட பொம்புளையள் இரிக்கிற வீடியோவ நான் என்னத்துக்கு அடுத்த ஊட்டுக்கு அனுப்புற? அது சரியில்லயே எண்டு விட்டுட்டன்."

ஸைனம்பு சிரித்தார். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. ஸுஹைறா வேலிப் பக்கமிருந்து, "என்னகா ராத்தா, என்ன பகிடி?" என்று கேட்டுக்கொண்டு ஓடி வந்தாள்.

அது அடுத்தவன் வீட்டு விலாசம்தான். ஆனால் அந்த இடத்தில் நம்முடைய விலாசத்தை எழுத வேண்டும் என்பதுதான் கருத்து. பெட்டி எறிபட்டாலும் சாமான் எங்கே இருக்க வேண்டும் என்று சொல்லும் வரி அது. ஒரு நல்ல மனிதர் மானத்தைக் காக்க எழுதாமல் விட்ட வரி, மாமியின் முகத்தையே கொண்டுபோகப் பார்த்தது.

அன்று மஃரிபுக்குள் மசூர் புதுப் பக்கத்தில் எல்லாவற்றையும் திருப்பி எழுதினார். விலாசத்தில் கோப்புறைக்கு ஒரு பேர் வேண்டியிருந்தது.

"என்ன பேர் வைக்கிற?"

"உம்மாட பேர வைங்க" என்றார் ஸைனம்பு. "ஊடும் அவட, காணியும் அவட. இதுவும் அவட பேரில இரிக்கட்டும்."

மாமியின் பேரை மசூர் இங்கிலீஷ் எழுத்தில் நாலு தரம் எழுதிப் பார்த்து, ஐந்தாவதைக் கொப்பியில் ஏற்றினார்.

பெருநாளன்று தொழுது, குர்பான் இறைச்சி பங்கிட்டு, அஸருக்குப் பிறகு வழக்கம்போல எல்லோரும் கூடினோம். வரிப்பத்தான்சேனைச் சாச்சியும் வந்திருந்தார். அவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். வீடியோ தொடங்கி, மாப்பிள்ளை மசூர் மெலிந்த கழுத்தோடு தொப்பி போட்டுக்கொண்டு வருகிற இடத்தில் மசூர் அதை நிறுத்தினார்.

"எல்லாரும் பாருங்க" என்றார். லெப்டொப்பில் எதையோ அடித்தார். "பெட்டிய எறியப் போறன்."

"வேணாம் மச்சான்!" ஸுஹைறா கத்தினாள். "பைத்தியமா இந்த மனிசனுக்கு! ராத்தா, கையப் புடிங்க!"

ஸைனம்பு அசையவில்லை. "எறியட்டும்" என்றார். "நான் எண்ணிப்போட்டன்."

டீவி இருண்டது. சாச்சி, "கரண்டு போயிட்டா?" என்று கேட்டார். மசூர் கொப்பியைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டளையை அடித்தார். நான் உள்ளுக்குள் ஸலவாத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன். ஒரு நிமிடம் போயிருக்கும். டீவியில் வெளிச்சம் வந்தது. நிரையாகப் படங்கள் வந்தன. பயான், கார்ட்டூன், கல்யாணம்.

மாமி சஹனோடு வந்தார். முந்தானையை இழுத்தார். "என்ன எடுக்காத மகன், சாப்பாட்ட எடு." ஒவ்வொரு வருடமும் சிரிக்கிற இடத்தில் அந்த வருடமும் சிரித்தோம். மீராசா குறுக்கே ஓடினான். இரண்டாம் தரம் ஓடும்போது ஸைனம்பு, "மெல்ல ஓடு வாப்பா, உழுந்திருவாய்" என்றார். அதுவும் ஒவ்வொரு வருடமும் சொல்வதுதான்.

முடிந்த பிறகு மசூர் சாச்சியின் கையில் ஒரு சின்னப் பொதியை வைத்தார். துவாயில் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு புதுப் பென் டிரைவ்.

"என்ன மகன் இது?" என்று கேட்டார் சாச்சி.

"கல்யாண வீடியோ சாச்சி. ஒண்டு இந்த லெப்டொப்பில இரிக்கி, ஒண்டு நதீராட ஊட்டு அலுமாரிக்குள்ள. மூணாவது உங்களுக்கு."

"பாத்துப்போட்டுத் தாறன்" என்றார் சாச்சி.

"வேணாம்" என்றார் ஸைனம்பு, அவருடைய காதுக்குக் கிட்டப் போய், உரத்து. "தராதீங்க சாச்சி. ஒருநாளும் திருப்பித் தராதீங்க."